முதல் வருட மேசை

என் அம்மாவுக்கு இருட்டு, பாம்பு, திருடன் எதைக் கண்டும் பயம் கிடையாது. காகிதத்தில் எழுதப்பட்ட தேதியைக் கண்டால் பயம்.

இருபத்தாறு வருடம் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தார். பாலிசி எடுத்து ஒரு வருடம் முடிவதற்குள் யாராவது ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு விண்ணப்பித்தால், அந்தக் கோப்பு மற்றவர்களிடம் போகாது. நேராக அம்மாவிடம் வரும். அதற்கு ஆபீசில் 'முதல் வருட மேசை' என்று பெயர். வியாதியை மறைத்துக்கொண்டு பாலிசி எடுத்தவர்களைப் பிடிப்பது அந்த மேசையின் வேலை.

அம்மா ஸ்கேன் படங்களைப் பார்க்கமாட்டார். அவர் தேடுவது ஒரே வரி. நோயாளி முதல் நாள் போகும்போது டாக்டர் எழுதும் முதல் வரி: இன்ன தொந்தரவு, இத்தனை நாளாக. அந்த நாள் பாலிசித் தேதிக்கு முன்னால் விழுந்தால், பழைய வியாதி. கோப்பை மூடிவிடலாம்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படிப்பார். ஆபீசில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அம்மாவின் வேலையைப் பழகிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்: "பூதக்கண்ணாடி அக்கா, என் லீவ் லெட்டரை மட்டும் நீங்க படிச்சிடாதீங்க. எனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சுன்னு எங்க அம்மாவுக்கே தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அம்மா சிரித்தார். ஆனால் அந்த மேசையில் ஒரு கோப்பு அவரைச் சும்மா விடவில்லை. ஒரு வேன் டிரைவர். சிறுநீரகம். டாக்டரிடம் டிரைவரின் மனைவிதான் பேசியிருக்கிறாள். "கொஞ்ச மாசமாவே கால் வீங்குது" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அப்படியே எழுதிவிட்டார். பாலிசிக்கு வயது இரண்டு மாதம். அம்மா மறுத்து எழுதினார். அந்தப் பெண் ஆபீசுக்கு வந்து, அம்மாவின் மேசைக்கு எதிரே நின்று, "நான் ஒரு வார்த்தைதாங்க சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். கத்தவில்லை, அழவில்லை. அம்மா இதை எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே வாக்கியம்: "டாக்டர்கிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கணும்டி."

அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயதானபோது கம்பெனி அந்த வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டது. பழையவர்களை அனுப்பியது. வேலை போன அன்றே, கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த காப்பீடும் போனது. அம்மா சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கத் தீர்மானித்தார். பதினோரு பாலிசிகளின் பொடி எழுத்தையெல்லாம் படித்தார். வேறு யாராக இருந்தாலும் ஒரே நாளில் எடுத்திருப்பார்கள். அம்மாவுக்கு நான்கு மாதம் ஆனது; கடைசியில் எடுத்தது பழைய கம்பெனியின் பாலிசியைத்தான்.

அந்த நான்காவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ரொட்டித் துண்டு ஒன்று அம்மாவின் நெஞ்சுக்குள் சிக்கியது. தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. பத்தொன்பது நாள் கழித்துப் பாலிசி தொடங்கியது. பழைய வியாதி எதற்கும் முதல் மூன்று வருடம் கிடையாது என்பது நிபந்தனை.

பத்தொன்பது நாள். இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா மாமாவின் பட்டறையில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தார். மாமா அம்மாவின் தம்பி. அட்டைப்பெட்டி செய்கிறார். ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு பசைத் தொட்டி, அச்சடிக்க ஒரு பழைய மெஷின். மாமாவைச் சேர்க்காமல் எட்டுப் பேர். அம்மா ஒன்பதாவது.

பாலிசிக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது சபையில் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதா வந்தது. அதில் முக்கியமானவை இரண்டு பிரிவுகள். ஒன்று: பழைய வியாதி என்ற காரணத்தால் இனி யாருக்கும் மறுக்கக் கூடாது. இரண்டு: ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் எவரும் எல்லோருக்கும் காப்பீடு எடுத்தாக வேண்டும். முதல் பிரிவை எல்லாக் கட்சியும் ஏற்றது. இரண்டாவதில் அடித்துக்கொண்டார்கள். இரண்டையும் பிரிக்கமாட்டோம் என்று ஒரு பக்கம். பிரித்தால்தான் ஓட்டு என்று மறுபக்கம். சிறுதொழில் சங்கம் தெருவுக்கு வந்தது. மாமா அதில் பொருளாளர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்த உடனே ஆரம்பிக்கும்.

"பெரிய கம்பெனிக்காரன் ஃபாரம் நிரப்பன்னே தனியா ஆள் வெச்சிருக்கான், அக்கா. நான் பசை காய்ச்சுவேனா, ஃபாரம் நிரப்புவேனா?"

"ஃபாரம் நிரப்பத்தானே என்னை வெச்சிருக்கே?"

"உன்னையும் சேர்த்துத்தான் ஒன்பதாச்சு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தா நாலு பேரைப் பெட்டிக்குள்ள போட்டு ஒட்டிட வேண்டியதுதான்."

"உன் பெட்டியா? ஈரக் கை பட்டாலே பிரியுது. நாலு பேரும் அந்த இன்ஸ்பெக்டர் காலடியிலயே வந்து விழுவாங்க."

மாமா சிரிப்பார். ஆனால் பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சட்டம் வந்தால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வெட்டும் இயந்திரக்காரர் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "லிஸ்ட்ல நான் எத்தனாவது ஆளுங்க?" ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணைக் கண்டு பயம். அம்மாவுக்கு இருந்த பயம் மட்டும் யாருக்கும் தெரியாது.

நான் தொழிற்சாலைகளில் அளவுமானிகளைச் சரிபார்க்கிறவள். அழுத்தம், வெப்பம், எடை. முள் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. வீட்டில் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "நீங்க சாப்பிடுங்க, எனக்கு அப்புறம்." மிக்ஸி இரண்டு வேளையும் ஓடியது. ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். ஒருநாள் கொடியிலிருந்து அவருடைய பாவாடையை எடுத்து மடித்தபோது இடுப்பில் ஒரு புதுத் தையல் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பிரித்த பழைய தையலின் ஓட்டைகள், ஒரு வரிசை, இன்னொரு வரிசை. மூன்று முறை சுருக்கியிருக்கிறார்.

சமையலறைக்குப் போய்ப் பாவாடையை மேடைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

அம்மா அதைப் பார்த்தார். மிக்ஸியை அணைத்தார். "கதவைச் சாத்து" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் சாத்தினேன்.

எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை, ரொட்டி, பத்தொன்பது நாள். ஒரு கோப்பை ஒப்படைப்பது போல, வரிசையாக.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"போனா என்ன கேப்பாரு? எத்தனை நாளான்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"ஏதாவது சொல்லு. ஒரு வாரம்னு சொல்லு."

"முதல் வருஷத்துல போட்ட கோப்பு எங்க போகும்னு எனக்குத் தெரியாதாடி? ஆளை அனுப்புவாங்க. பக்கத்து வீட்டுல கேப்பாங்க. மருந்துக்கடையில கேப்பாங்க. பட்டறையில கேப்பாங்க, இந்தம்மா மதியம் என்ன சாப்பிடுவாங்கன்னு. நானே அனுப்பியிருக்கேன். இன்னும் ஆறே மாசம். வருஷம் தாண்டிட்டா சாதாரண மேசைக்குப் போயிடும். அதுக்குள்ள சட்டம் வந்துட்டா இந்தப் பேச்சே வேண்டாம். யாருக்கும் பயப்படாம உண்மையைச் சொல்லலாம்."

"ஆறு மாசத்துல இது என்னவா ஆகும்னு உனக்கு..."

"என்ன ஆகும்? இத்தனை நாளா தண்ணி குடிச்சா இறங்குதுல்ல?"

நான் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாமாவிடம் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. அம்மாவின் பயம் ஒட்டுவாரொட்டி மாதிரி எனக்கும் தொற்றிவிட்டது. எங்களிடம் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாலிசி கைவிட்டால் வழி இல்லை என்று நம்பினேன். வழி உண்டா என்று யாரையும் கேட்டும் பார்க்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும்.

அதன் பிறகு இரண்டு பேரும் சபைச் செய்திகளைப் பார்க்க ஆரம்பித்தோம். சபாநாயகர் மணியடித்தால் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். பாலிசியின் எட்டாவது மாதம் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தார்கள். அம்மா அன்று காலை தலைவாரிக்கொண்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் நகரம் முழுக்கச் சிறுதொழில்காரர்கள் ஊர்வலம் போயிருந்தார்கள். ஆளும் கட்சிக்குள்ளேயே பதினான்கு பேர் கலங்கிவிட்டார்களாம். வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். பத்தாவது மாதம் மசோதாவை ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். குழு எப்போது முடிவு சொல்லும் என்று நிருபர் கேட்டார். "அவசரப்பட்டுச் செய்கிற காரியமா இது?" என்றார் அமைச்சர்.

அம்மா டி.வி.யை அணைத்தார். "சரியாத்தான் சொல்றாரு. அவருக்குத் தொண்டை நல்லா இருக்கு."

வருடம் முடிந்த மறுநாள் டாக்டரிடம் போனோம்.

சின்ன அறை. மேசை, கட்டில், எடை பார்க்கும் கருவி. என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கருவிதான். அதன் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. ஒரு கோடு தள்ளி நின்றது. அம்மா என் கையைப் பிடித்திருந்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. வீட்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் உதடு அசைய ஒத்திகை பார்த்தபடியே வந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

"நெஞ்செரிச்சல் டாக்டர். சாப்பிடும்போது லேசா அடைக்கிற மாதிரி."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்லைங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். சாதாரணமாகத்தான் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி. "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

அம்மாவின் நகம் என் உள்ளங்கையில் அழுந்தியது.

"இல்லை டாக்டர்" என்றேன்.

எழுதினார். "மூணு வாரம்தானே, பயப்பட ஒண்ணுமில்லை. அமிலத்துக்கு மாத்திரை தர்றேன். ஆறு வாரம் சாப்பிடுங்க. குறையலைன்னா குழாய் விட்டு உள்ளே பார்ப்போம்."

வெளியே வந்ததும் அம்மா சீட்டை வாங்கி அந்த முதல் வரியைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "சரியா எழுதியிருக்காரு" என்றார். நானும் மூச்சுவிட்டேன். அந்த வரியைக் கம்பெனி படிப்பதற்கு முன்னால் டாக்டர் படிப்பார், அதை வைத்துத்தான் என்ன செய்வது என்று முடிவெடுப்பார் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. இருபத்தாறு வருடம் அந்த வரியை அம்மா படித்தது மறுப்பதற்காக மட்டும். வைத்தியம் பார்ப்பதற்காகவும் யாரோ அதைப் படிக்கிறார்கள் என்பது அவர் மேசைக்கு வந்ததே இல்லை.

ஐந்தாவது வாரம் தண்ணீரும் இறங்கவில்லை. மாமா காரில் வந்து அழைத்துப்போனார். அதே அறை. டாக்டர் கேட்கும் முன்பே அம்மா பேசினார். எச்சிலை விழுங்க முடியாமல், கைக்குட்டையில் துடைத்துத் துடைத்துப் பேசினார்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். மூணு வாரம் இல்லை. போன வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆரம்பிச்சது. இன்னையோட நானூத்திப் பதினெட்டு நாள். பதினாறு கிலோ குறைஞ்சிருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார்.

மாமா குறுக்கே பாய்ந்தார். "அக்கா! ஏன்க்கா... டாக்டர், அதை எழுதாதீங்க. முன்னாடி சொன்னதே இருக்கட்டும். இன்ஷூரன்ஸ்ல சிக்கிடும்." சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடித்த மனுஷன், டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

அம்மா தலையாட்டினார். "எழுதட்டும், தம்பி. இனிமே இதைப் படிக்கப்போறவர் கத்தியை வெச்சிருக்கவர்."

உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று உணவுக்குழாயைத் தாண்டியிருந்தது. கத்தி வைக்கிற நிலையைக் கடந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது: "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா?" அவர் ஏட்டைப் புரட்டிக்கொண்டே, "அப்ப அறுவை பண்ணியிருக்கலாம்னு நினைக்கிறேன்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது இரண்டு நிமிடம் பிந்தியிருந்தது. இதெல்லாம் ஏன் என் கண்ணில் படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி மறுத்துக் கடிதம் அனுப்பியது. எழுதியவர், லீவ் லெட்டர் பற்றிக் கிண்டல் செய்த அதே இளைஞர்; அந்த வேலையை எடுத்த வெளியாட்களிடம் சேர்ந்திருந்தார். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி படித்தார். "நல்லா எழுதியிருக்கான். ஒரு ஓட்டை இல்லை." கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், கை நடுங்கியிருக்கும்" என்றார்.

சிகிச்சையை மாமா பார்த்துக்கொண்டார். எப்படி என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா நான்கு மாதம் இருந்தார். கடைசி வாரங்களில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஒவ்வொரு நாள் காலையும் நான் கதவைத் திறக்கும் முன் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பேன். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பேன். ஒரு வியாழக்கிழமை சத்தம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவின் சாமான்களை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். ஆபீஸ் அறை என்பது ஒரு தடுப்பு, ஒரு மேசை. மாமா அவற்றை ஏற்கெனவே ஒரு பெட்டியில் எடுத்துவைத்திருந்தார்: மூக்குக் கண்ணாடி, ஸ்கேல், ஒரு தண்ணீர்க் குடுவை. மசோதா இன்னும் குழுவில்தான் இருந்தது. சங்கத்தின் அடுத்த கூட்ட அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது.

மாமா உட்காரச் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"முதல் தடவை டாக்டர்கிட்ட போனப்ப நீயும் உள்ளதானேம்மா இருந்தே?"

"இருந்தேன்."

"மூணு வாரம்னு அக்கா சொன்னப்ப, பொய்னு உனக்குத் தெரியுமா?"

நான்கு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"தெரியும் மாமா. என்னையும் கேட்டாரு. நானும் இல்லைன்னுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மாமா ஸ்கேலை எடுத்துப் பெட்டியின் ஓரமாக நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பாலிசி எடுத்து எட்டாவது மாசம்னு நினைக்கிறேன். மதியம் இங்கதான் உக்காந்திருந்துச்சு. திடீர்னு கண்ணெல்லாம் பிதுங்கிடுச்சு. ஓடி வந்து முதுகுல தட்டினேன். வெளிய வந்துச்சு. என்னக்கான்னு கேட்டேன். மாசக்கணக்கா இப்படித்தான், சட்டம் வரட்டும், வந்ததும் போய்க் காட்டிக்கிறேன்னுச்சு. உன் பொண்ணுக்குத் தெரியுமான்னேன். பயந்துடுவா, சொல்லாதேன்னுச்சு."

"எட்டாவது மாசத்துல என்னிக்கு?"

அவர் உள்ளங்கையில் காய்ந்து ஒட்டியிருந்த பசையை நகத்தால் உரித்தார்.

"ஊர்வலத்துக்கு முந்தின நாள்."

"அப்புறம் ஊர்வலத்துக்குப் போனீங்களா?"

"போனேன். பொருளாளர் வராம இருந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஒன்பது பேருக்கும் எடுன்னா பட்டறையை மூட வேண்டியதுதான், அந்தப் பயம் எனக்கு. அக்காவுக்கு எதுவும் ஆகாதுன்னு நினைச்சேன். ஓட்டு எப்படியும் நடந்துடும், நான் ஒருத்தன் நடந்து என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன்."

"கோஷம் போட்டீங்களா, மாமா?"

"போட்டேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் வெட்டும் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. மாமா பெட்டியின் மூடியை மடக்கிப் பசை நாடாவை இழுத்து ஒட்டினார். நாடா கோணலாகப் போனது. உரித்துவிட்டு மறுபடி இழுத்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.